தடைப் பட்டியலில் இல்லாதது

பிப்ரவரி 4, திங்கள்

‘செம்மரநத்தம் கால்நடை மருத்துவர் திருமதி கிருபாவதி அவர்கள், தமது வழக்கமான பணிகளுக்குக் குந்தகமின்றி, பிணந்தின்னிக் கழுகுகளின் உணவுப் பழக்கத்தையும் கவனித்துப் பதிவு செய்வார்’ என்று உத்தரவு வந்திருக்கிறது. கழுகுகளின் வழக்கமான பணிகளுக்குக் குந்தகம் வருமா என்பது பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

கூடவே ஒரு பதிவேடு. பதினான்கு பத்திகள். செத்த மாட்டின் எடை, முதலில் இறங்கிய பறவை, இனவாரியாக எண்ணிக்கை, எலும்பு மட்டும் மிஞ்சிய நேரம். நான் எழுத நினைப்பதில் பாதிக்கு அதில் இடமில்லை. அதனால் இந்த நோட்டு.

பிறகு யாராவது படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். இந்த ஊரில் மாடு செத்தால் புதைப்பதில்லை. மாயாற்றுப் பக்கம் உள்ள பாறைத் திட்டில் கொண்டுபோய்ப் போடுவார்கள். ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மெஸ்’. பாறுகள் என்கிற பிணந்தின்னிக் கழுகுகள் வந்து தின்னும். நாடு முழுக்க இருந்த பறவை இது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் கறி வழியாக உள்ளே போய், சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. மாட்டுக்கு அதைப் போடக் கூடாது என்று தடை வந்து பல வருடம் ஆகிறது. தப்பித்தவற்றில் கொஞ்சம் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன.

ஆகவே பாறைக்குப் போகும் ஒவ்வொரு மாட்டுக்கும் நான் ஒரு படிவம் தர வேண்டும். அதில் ஒரே கேள்வி: ‘கடந்த முப்பது நாட்களில் தடை செய்யப்பட்ட வலிமருந்து கொடுக்கப்பட்டதா? ஆம் / இல்லை.’ இருபத்தாறு வருடப் பணியில் நான் பொய்ச் சான்று ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் அது சாத்தியம்.

மருந்தக அலமாரியில் பாறுகளுக்குப் பாதகமில்லாத மெலாக்சிகாம் நவம்பரிலேயே தீர்ந்துவிட்டது. கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பதிலுக்கு அசிக்ளோஃபினாக் நாற்பது குப்பி வந்தது. தடை செய்தது அண்ணனை. இது தம்பி. தம்பிக்கு உரிமம் உண்டு.

கூடப் படித்த பத்மஜா ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பியிருக்கிறாள், அந்தத் தம்பியைப் பற்றி. முதல் பக்கம் படித்தேன். எழுத்து மிகவும் சிறியது. கண்ணாடி மாற்ற வேண்டும். கட்டுரையை அரிசி டப்பா மேல் வைத்திருக்கிறேன்.

மாலையில் கோவைக்குப் பேசினேன். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுத்திருக்கும் கணவரை நாத்தனார் எஸ்தர் பார்த்துக்கொள்கிறாள். “மைனி, அண்ணன் இன்னைக்குக் கஞ்சி முழுசும் குடிச்சிட்டான். உங்க மாறுதல் என்னாச்சின்னு கண்ணாலேயே கேக்கான்” என்றாள். தனக்கு முதுகு வலி என்று அவள் இன்று சொல்லவில்லை. போன மாதம் சொன்னாள்.

பிப்ரவரி 5, செவ்வாய்

முதல் கவனிப்பு. எருமைக்கன்று, சுமார் அறுபது கிலோ.

துணைக்கு வனக்காப்பாளர் நாச்சிமுத்து. இருபது வருடமாக இந்தக் காட்டில் நடப்பவர். புதருக்குப் பின்னால் உட்காரச் சொன்னார். “பேசாம இருக்கோணுமுங்க டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டு அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

முதலில் அண்டங்காக்கை. கண்ணைத் தின்றது. தோலைக் கிழிக்க அதன் அலகு போதாது. கிழிக்கத் தெரிந்தவர் வரும்வரை சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு செந்தலைப் பாறு ஒன்று. அது தனியாகத்தான் வருமாம். உதட்டுப் பக்கம் நாலு வாய் தின்றுவிட்டு, கூட்டம் வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. கூட்டம் என்பது வெண்முதுகுப் பாறுகள். பின்துவாரத்தின் வழியாகத் தலையை நுழைத்துக் குடலை இழுத்தன. கழுத்தில் இறகு இல்லாததற்கு இதுதான் காரணம். கழுவ எளிது. கடைசியில் மஞ்சள்முகப் பாறு, மற்றவர் சிந்தியதைப் பொறுக்கியது. ஐம்பத்தைந்து நிமிடத்தில் எலும்பு.

“பாக்க அருவருப்பா இருக்குதுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“இல்லை. யாரும் யாரையும் கொல்லவில்லையே.”

“அதச் சொல்லுங்க. செத்தத மட்டுந்தான் தொடும். உசுரோட இருந்தா, தூங்குற ஆட்டுக்குட்டிகிட்டக் கூடப் போகாதுங்க.”

பிப்ரவரி 7, வியாழன்

கெம்பனின் செவலைப் பசுவைப் புலி பிடித்திருக்கிறது. கெம்பனுக்கு ஆறு மாடு. பாலுக்கு அல்ல, சாணிக்கு. சாணியை மலைத் தோட்டங்களுக்கு வாங்கிப் போவார்கள். மற்ற ஐந்தும் ஓடிவிட்டன. செவலை நின்றது. இடது தொடையில் ஒரு கை நுழையும் அளவுக்குக் குழி. கெம்பன் கத்திய கத்தலில் புலி விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பசுவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருவதற்குள் அவன் வனத்துறை அலுவலக வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். “என்ற பசு செத்துச்சுன்னா அந்தப் புலிக்குக் குருணை மருந்து வெச்சே தீருவேன். யாரு தடுக்கறீங்கன்னு பாக்கறேன்.”

புலி அடித்துப் பாதி தின்ற மாட்டில் பூச்சிக்கொல்லிக் குருணையைத் தூவினால், மிச்சத்தைத் தின்ன வரும் புலி சாகும். அதற்கு முன்பே வரும் பாறுகளும் சாகும். இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாத வித்தை இல்லை.

ரேஞ்சர் சரவணப்பெருமாள் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஊர் முழுவதும் வெளியே இருந்தது. இரு தரப்புக்கும் நன்றாகக் கேட்டது.

பிப்ரவரி 8, வெள்ளி

செவலை இரவெல்லாம் கதறியதாம். காலையில் போனேன். கெம்பன் அதன் தலையை மடியில் வைத்திருந்தான்.

“பொழைக்குமா?”

“தெரியாது.”

“வலியாச்சும் நிக்கட்டுமே டாக்டரம்மா. இது கத்தறதைக் கேட்டுட்டு என்னால கஞ்சி குடிக்க முடியலைங்க.”

வலது தொடையில் அசிக்ளோஃபினாக் போட்டேன். அரை மணியில் கதறல் நின்றது. ஒரு மணியில் அசைபோட்டது. கெம்பனின் மனைவி ரங்கி என்னைக் கும்பிட்டாள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, சனி

ஊசி.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஊசி. புண்ணில் நாற்றம். காய்ச்சல். இனி வலிக்கு மட்டும்தான் வைத்தியம்.

பதிவேட்டில் இதுவரை ஒரு வரிசைதான் நிரம்பியிருக்கிறது. பதினைந்தாம் தேதி மாவட்டத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

பிப்ரவரி 11, திங்கள்

விடியற்காலையில் செவலை செத்துவிட்டது.

“பொதைச்சரட்டுங்களா?” என்று கெம்பன் கேட்டான். இந்த ஊரில் யாரும் கேட்காத கேள்வி. அதைப் பறவை கொத்துவதை அவனால் பார்க்க முடியாது என்றான்.

“பாறைக்குக் கொடுத்துவிடுவோம். அங்கே நீ வர வேண்டாம்” என்றேன்.

படிவம். கடந்த முப்பது நாட்களில் தடை செய்யப்பட்ட வலிமருந்து கொடுக்கப்பட்டதா? இல்லை. கையெழுத்து, தேதி, முத்திரை.

பிப்ரவரி 12, செவ்வாய்

நல்ல நாள். பதிவேட்டின் பதினான்கு பத்தியும் நிரம்பின.

வெண்முதுகுப் பாறு முப்பத்தொன்று, கருங்கழுத்துப் பாறு மூன்று, செந்தலை ஒன்று, மஞ்சள்முகம் இரண்டு. புலி கிழித்த தொடையில் தோல் இல்லாததால் காகங்கள் காத்திருக்கவில்லை. நான் ஊசி போட்ட தொடை பதினொரு மணிக்கு முடிந்தது. ஆளுக்கு ஒரு கிலோ இருக்கும். தொண்டைப்பை புடைக்கப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தன. பறக்க முடியவில்லை.

“கல்யாண வீட்டுல மொத பந்தி முடிச்ச பெருசுக மாதிரியே இருக்குதுங்க” என்றார் நாச்சிமுத்து.

ஒன்று மட்டும் தள்ளாடி எழும்பி ஆற்றுப் பக்கம் போனது. நீர்மருது மரத்தில் அதற்குக் கூடு இருக்கிறதாம். தொண்டைப்பையில் கொண்டுபோய்க் குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கும் என்றார்.

பிப்ரவரி 13, புதன்

கோழிக்கழிச்சல் தடுப்பூசி, நூற்றுப் பத்து. வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 14, வியாழன்

நாச்சிமுத்து போனில்: “பறவைக தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்குதுங்க. கிட்டப் போனாலும் எந்திரிக்கறதில்லீங்க.”

குளிராக இருக்கும் என்றேன். மணி பகல் பன்னிரண்டு.

பிப்ரவரி 15, வெள்ளி

பதினேழு பாறுகள். சில மரத்தடியில், சில ஆற்று மணலில், இரண்டு கிளையிலேயே மாட்டிக்கொண்டு.

பாறை மேலேயே மூன்றைப் பிரேதப் பரிசோதனை செய்தேன். மூன்றிலும் ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவம். மாணவியாக இருந்தபோது பார்த்த படத்தில் இருந்தது அப்படியே.

ரேஞ்சர் தள்ளி நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார், “குருணைதானே மேடம்?”

“ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.”

நாச்சிமுத்து, கேட்காமலேயே, “குருணைன்னா மாட்டுக்குப் பக்கத்துலயே விழுந்திருக்கோணுமுங்க சார். இதுக தின்னு மூணு நாள் கழிச்சு, அங்கொண்ணு இங்கொண்ணா...”

“நீங்க டாக்டரா?” என்றார் ரேஞ்சர்.

நாச்சிமுத்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஈரலைச் சீசாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கெம்பன் வீட்டில் சோதனை. கால் கிலோ குருணை மருந்து கிடைத்தது. சோளம் போடும் எல்லார் வீட்டிலும் கிடைக்கும். எல்லாரும் அலுவலக வாசலில் நின்று கத்தவில்லை. ஜீப்பில் ஏற்றும்போது அவன் என்னைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கம்மா, செவலைக்கு மருந்துதான போட்டோம்” என்றான்.

“ஆமாம்” என்றேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அரிசி டப்பா மேல் இருந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். பசுவின் உடம்புக்குள் போன சில மணி நேரத்தில் தம்பி அண்ணனாக மாறிவிடுகிறான். முதல் பக்கத்துச் சுருக்கத்திலேயே அது இருக்கிறது.

பிப்ரவரி 16, சனி

சீசாக்கள் மருந்தக ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. ஆய்வகம் திங்கட்கிழமைதான் திறக்கும். ஈரலில் என்ன மருந்து என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். குருணை இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

மாலை நாலரைக்கு மின்சாரம் போனது. திரும்ப வரும்போது அழுத்தம் ஏறி ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்பதால் சுவிட்சை அணைத்தேன். ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது. சுவிட்சைப் போட வேண்டும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்தது.

பிப்ரவரி 18, திங்கள்

ஃப்ரிட்ஜின் சுவிட்ச் போடப்படாமல் இருந்திருக்கிறது. மாதிரிகள் கெட்டுவிட்டன. ‘மின்தடை காரணமாக’ என்று எழுதினேன். மின்தடை ஏற்பட்டது உண்மை. மற்ற பதினான்கு பறவைகளையும் விதிப்படி சனிக்கிழமையே எரித்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து எழுத்தர் பேசினார். கோவை மாறுதல் பட்டியலில் என் பெயர் மேலே இருக்கிறதாம். “உங்க மேல விசாரணை எதுவும் நிலுவையில இல்லையே மேடம்?”

“இல்லை.”

“அப்ப இந்த மாசக் கடைசியில மூட்டை கட்டிக்கலாம்.”

எஸ்தரிடம் சொன்னேன். அவள் அழுதாள். கணவர் காதில் போனை வைத்தாள். அவருக்கு வரும் சொற்கள் இரண்டோ மூன்றோதான். “வா” என்றார்.

பிப்ரவரி 19, செவ்வாய்

ரங்கி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அவன் வெக்கலைம்மா. வாய்தான் அவனுக்கு. கோழி செத்தாக்கூட ஊரைக் கொளுத்தறேன்னு கத்துவான். இதுவரைக்கும் ஒரு குடிசையும் எரியலை.”

“தெரியும்.”

“உள்ள அவனுக்குச் சோறு எறங்கலையாம். காத்து வராத எடத்துல அவன் இருந்ததில்லை. ஏழு வருசம் உள்ளயே இருக்கோணும்னு வக்கீல் சொல்றாரு.” முந்தானையை இழுத்துச் செருகினாள். “செவலைக்கு என்னென்ன மருந்து போட்டீங்கன்னு ஒரு சீட்டு குடுங்கம்மா. அதைக் காட்டினா வுட்டுருவாங்கன்னு நாச்சிமுத்தண்ணன் சொல்லுச்சு.”

நாச்சிமுத்து அதை ஏன் என்னிடம் நேரே கேட்காமல் அவளிடம் சொன்னார் என்று யோசித்தேன். அதிக நேரம் தேவைப்படவில்லை.

நாளைக்குத் தருகிறேன் என்றேன். போகும்போது கும்பிட்டாள்.

பிப்ரவரி 20, புதன்

சீட்டை ரங்கியிடம் கொடுக்கவில்லை. நானே ரேஞ்சரிடம் கொண்டுபோனேன். அசிக்ளோஃபினாக், மூன்று நாள், மூன்று ஊசி. கட்டுரையையும் மேசையில் வைத்தேன். “பறவைகளைக் கொன்றது இந்த மருந்து. போட்டது நான். கெம்பனை விட்டுவிடுங்கள்.”

அவர் சீட்டைப் படித்தார். சுவரில் ஒட்டியிருந்த தடைப் பட்டியலைப் படித்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

“லிஸ்ட்ல இல்லீங்களே மேடம்.”

“பட்டியலில் இல்லை. ஆனால் கொல்லும்.”

“கொல்றதா இருந்தா லிஸ்ட்ல சேர்த்திருப்பாங்களே?”

“கட்டுரையைப் படியுங்கள்.”

“இங்கிலீஷ் பேப்பரை வெச்சு நான் கோர்ட்டுல நிக்க முடியுங்களா? நீங்க அரசு கொடுத்த மருந்தைப் போட்டிருக்கீங்க. உங்க மேல தப்பே இல்லை. நீங்களே ‘தடை மருந்து இல்லை’ன்னு சான்று குடுத்திருக்கீங்க, அது என் ஃபைல்ல இருக்கு. எங்கிட்ட குருணை இருக்கு, மிரட்டல் இருக்கு, சாட்சி அறுபது பேர் இருக்காங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஈரல்ல என்ன இருந்துச்சுன்னு ஆய்வகம் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், நானே அவனை ஜீப்புல கொண்டாந்து விட்டுருவேன். அதான் கெட்டுப் போச்சுன்னு எழுதிட்டீங்களே.”

தேநீர் வரவழைத்தார். குடித்தேன்.

பிப்ரவரி 21, வியாழன்

நீர்மருது மரத்தடியில் காலையிலிருந்து மாலை வரை.

நாச்சிமுத்துதான் கூட்டை ஞாபகப்படுத்தினார். பன்னிரண்டாம் தேதி தாய் கொண்டுபோன கறியை அந்தக் குஞ்சு தின்றிருக்கலாம். இப்போது பெற்றவை இரண்டையும் காணவில்லை. குஞ்சு செத்திருந்தால் அதன் ஈரலை அனுப்பலாம். பட்டினியில் செத்திருந்தாலும் பரவாயில்லை, மருந்தின் மிச்சம் இருந்தால் போதும்.

உயிரோடு இருந்தால் தொடக் கூடாது. கூட்டில் கை வைக்கச் சென்னையிலிருந்து அனுமதி வர வேண்டும். செத்துக் கீழே விழுந்தால் அது ஆய்வு மாதிரி. எடுத்துக்கொள்ளலாம்.

தொலைநோக்கியில் பார்த்தேன். பத்தரைக்குத் தலை தூக்கியது. ஒன்றேகாலுக்கு ஒரு தடவை. அதற்குப் பிறகு இல்லை.

“ஆறு நாளாத் தீனி இல்லீங்க. இன்னிக்கோ நாளைக்கோ” என்றார் நாச்சிமுத்து. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். இதே குஞ்சு பொரித்த அன்று ஊரில் மிட்டாய் கொடுத்தவர் அவர்.

பிப்ரவரி 22, வெள்ளி

மரத்தடி. குஞ்சு அசையவில்லை. பனிக்கட்டிப் பெட்டி தயார். கத்தியைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

“விழுந்துருமுங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “என்னத்தையெல்லாம் வேண்டிக்க வெக்கறீங்க டாக்டரம்மா” என்றார்.

நாலு மணிக்கு மேற்கிலிருந்து ஒரு பெரிய பாறு வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. தகப்பனாக இருக்கலாம். எங்கேயோ தூரத்தில், வேறு யாருடைய மாட்டையோ தின்றுவிட்டு வந்திருக்கிறது. தொண்டைப்பை புடைத்திருந்தது. குனிந்து கக்கியது. குஞ்சு தலையைத் தூக்கி, அந்த அலகுக்குள்ளேயே தன் அலகை விட்டு வாங்கிக்கொண்டது. பத்து நிமிடம் தின்றது.

நாச்சிமுத்து அழுதார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்: வளர்ந்த பறவை ஒன்று, குஞ்சு ஒன்று, ஊட்டல் இயல்பு.

பிப்ரவரி 23, சனி

பஸ் பிடித்து நகரத்துக்குப் போனேன். நாலு மருந்துக் கடைகளில் டைக்ளோஃபினாக் ஆம்பூல் வாங்கினேன். மனிதர்களுக்கு அதில் தடை இல்லை. ஆனால் மாட்டுக்குப் போட முடியாதபடி மூன்று மில்லியாகத்தான் அடைக்கிறார்கள். ஒரு பசுவுக்கு மூன்று நாளைக்கு எத்தனை வேண்டும் என்று யோசித்துச் சரியாக வாங்கினேன். கடைசிக் கடைக்காரர், “முட்டி வலிங்களாம்மா?” என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டில் ஒவ்வொன்றாக உடைத்துக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றினேன். காலி ஆம்பூல்களைத் துணிப்பையில் கட்டினேன். விரலில் சின்ன வெட்டு.

பிப்ரவரி 25, திங்கள்

வாக்குமூலம் கொடுத்தேன். என் கைப்பட, இரண்டு பக்கம்.

‘கெம்பன் என்பவரின் பசுவுக்கு, தடை செய்யப்பட்டது என்று தெரிந்தே, டைக்ளோஃபினாக் மருந்தை மூன்று நாட்கள் செலுத்தினேன். அதை மறைத்துப் பொய்ச் சான்று வழங்கினேன். போன வாரம் கொடுத்த சீட்டும் பொய். காலிக் குப்பிகளை இத்துடன் ஒப்படைக்கிறேன்.’

ரேஞ்சர் ஆம்பூல்களை மேசையில் வரிசையாக அடுக்கி எண்ணினார். சுவரைப் பார்த்தார். பட்டியலில் முதல் பெயர்.

“இப்ப சரியா இருக்குதுங்க மேடம்” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். முட்டாள் இல்லை. “இதுதான் உண்மையா?”

“கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.”

“வேலை போயிருமுங்க. கேஸும் வரும்.”

“தெரியும்.”

“அந்தச் சாணிக்காரனுக்காகவா?”

அது வாக்குமூலத்தில் கேட்கப்பட்ட கேள்வி அல்ல.

மார்ச் 1, வெள்ளி

பணியிடை நீக்க உத்தரவு வந்தது. அதே தபாலில் கோவை மாறுதல் பட்டியலும் வந்தது. என் பெயர் இருக்கிறது. மேலே ஒரு கோடு.

உத்தரவின் கடைசிப் பத்தி: நீக்கக் காலத்தில் முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது. தலைமையிடம் செம்மரநத்தம். வேலை பார்க்காமலும் இங்கேயேதான் இருக்க வேண்டும்.

எஸ்தரிடம் சொன்னேன். “நீங்க அப்படிப்பட்ட மருந்தைப் போடமாட்டீங்களே மைனி” என்றாள். ரேஞ்சருக்குப் பிறகு என் வாக்குமூலத்தைச் சந்தேகித்த இரண்டாம் ஆள் அவள்.

அண்ணனிடம் போனைக் கொடுக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

கெம்பனை விட்டுவிட்டார்கள். நாச்சிமுத்து வந்து சொல்லிவிட்டுப் போனார். உட்காரவில்லை.

மார்ச் 7, வியாழன்

கெம்பன் வந்தான். இளைத்திருந்தான். மருந்தகம் பூட்டியிருந்ததால் வீட்டு வாசலுக்கு வந்தான். முன்பு போலச் செருப்பைக் கழற்றவில்லை.

“செவலைக்கு நீங்க வெஷ ஊசி போட்டீங்கன்னு ஊருல பேசிக்கறாங்க.”

“அது செத்தது புலி கடித்ததால்.”

“அது எனக்குத் தெரியும். காலைப் புடிச்சுட்டு நின்னது நானு. ஊசி போட்டதும் அசை போட்டுச்சு.” பிறகு, “அந்த ஊசிலதான் பறவை செத்துச்சா?”

“ஆமாம்.”

“எந்தத் தேதில தெரிஞ்சுது உங்களுக்கு?”

பதினைந்து என்றேன்.

விரல் விட்டு எண்ணினான். “என்னைய ஜீப்புல ஏத்துன அன்னிக்கு.”

“ஆமாம்.”

“ரங்கி வந்து நின்னப்பத் தெரியும்.”

“தெரியும்.”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்துகிற ஆள்தானே. கத்தவில்லை. யோசித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: “வெக்கறேன்னு சொன்னேன், நான் வெக்கலை. நீங்க வெச்சீங்க, சொல்லலை. உள்ள போனது நானு.”

திரும்பி நடந்தான். வேலி வரை போய், ஊருக்கு உதவும் சேதி ஒன்றைச் சொல்ல மறந்தவன் போல நின்று சொன்னான்.

“பாறையில தொட்டப்பன் எருமை அஞ்சு நாளாக் கெடக்குது. மிச்சமிருந்த பறவைகூட ஒண்ணும் எறங்கலை. நாய்க்கூட்டந்தான் வந்து இழுக்குது. ரெண்டு நாய்க்கு வெறி புடிச்சிருக்குது. பொழுது சாஞ்சா வெளிய வராதீங்க.”

காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசுகிறது. வாடை மதியமே வீட்டுக்குள் வந்துவிட்டது. விசாரணை எப்போது என்று தெரியவில்லை.